முப்பது நாள் விடுப்பு: ஐரோப்பாவைச் சுற்றுவதா, தேவிபட்டினம் போவதா, இரண்டையும் சேர்ப்பதா?

ஜெர்மனியில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டம் உறுதி செய்யும் ஆண்டு விடுப்பு 20 நாள்; பல நிறுவனங்கள் 30 நாள் வரை தருகின்றன. சனி, ஞாயிறுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் அது ஆறு வாரம் வருகிறது. ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விடுமுறையாகத் தெரிகிறது. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக் காலண்டர், இருவரின் அலுவலக நெருக்கடி, விமானக் கட்டணம் ஆகிய மூன்றையும் கழித்துப் பார்த்தால், உண்மையாக நம் விருப்பப்படி செலவழிக்கக் கிடைப்பது ஒரே ஒரு நீண்ட பயணமும் சில நான்கு நாள் இடைவெளிகளும்தான். அந்த ஒரு நீண்ட பயணத்தை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வியை, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் எதிர்கொள்கின்றன. தேவிபட்டினத்துக்காரனான நானும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பதினொரு ஆண்டுகளாக இதே கணக்கைப் போட்டுவருகிறேன். மூன்று வழிகளையும் நடைமுறையில் செய்து பார்த்தவன் என்ற முறையில், அவற்றை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஐரோப்பாவைத் துண்டு துண்டாகப் பார்க்கலாம். ஊருக்குத் துண்டு துண்டாகப் போக முடியாது. ஆகவே நீண்ட விடுப்பு முழுவதும் ஊருக்கு உரியது. ஐரோப்பாவை நீண்ட வார இறுதிகளில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் கோப்பதை மட்டும் கூடுமானவரை தவிர்க்க வேண்டும்.

ஐரோப்பாவைத் துண்டுகளாகப் பார்க்க முடிவதற்குக் காரணம், ஒரே விசாவில் பல நாடுகளுக்குள் போய்வர வழி செய்யும் ஷெங்கன் ஏற்பாடு. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாக இணைந்த பிறகு அதில் 29 நாடுகள் உள்ளன. ஜெர்மனியின் குடியிருப்பு அனுமதி அட்டையும் இந்தியக் கடவுச்சீட்டும் கையில் இருந்தால், எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் விசா இல்லாமல் தங்கலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் இதற்குள் அடங்கும். பிரிட்டனும் அயர்லாந்தும் அடங்கா, அவற்றுக்குத் தனி விசா வேண்டும். ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிசுக்கு நேரடி அதிவேக ரயிலில் மூன்றேகால் மணி நேரம் ஆகிறது. இராமநாதபுரத்திலிருந்து திருச்சிக்குப் போய்வருவதைப் போன்ற தொலைவுணர்வுதான் அது. மே, ஜூன் மாதங்களில் வியாழக்கிழமை வரும் கிறித்தவப் பண்டிகை விடுமுறையோடு வெள்ளிக்கிழமை ஒரு நாளை மட்டும் விடுப்பாக எடுத்தால் நான்கு நாள் கிடைத்துவிடுகிறது. ஒரு நாள் விடுப்பைக் கொடுத்துப் பாரிசைப் பார்க்க முடிகிறபோது, அதற்காகப் பத்து நாளைச் செலவழிக்க வேண்டிய தேவை இல்லை.

இந்தக் குறும்பயணங்களுக்கு ரயில், குறைந்த கட்டண விமானம், பேருந்து ஆகிய மூன்றில் எது நல்லது என்று ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தனி ஆளாக இருந்தால் பேருந்தே மலிவு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குடும்பத்தோடு என்றால் ரயில்தான் என் தேர்வு. பல நாட்டு ரயில்களுக்கும் ஒன்றாகச் செல்லும் இன்டர்ரெயில் பயணச்சீட்டு ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கானது. குடியுரிமை தேவையில்லை, சட்டப்படி வசிப்பதே போதும். ஒரு பெரியவரோடு 4 முதல் 11 வயது வரையுள்ள இரண்டு பிள்ளைகள் கட்டணமின்றிப் போகலாம் என்பதால் நால்வர் குடும்பத்துக்குச் செலவு பாதியாகக் குறைகிறது. ஆனால் அதன் மூன்று நுணுக்கங்களைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது. முதலாவது, வசிக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு முறையும் திரும்பிவர ஒரு முறையும் மட்டுமே அது செல்லும். அடுத்து, பிரான்சின் அதிவேக ரயில்களிலும் இத்தாலியின் அதிவேக ரயில்களிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, கோடையில் அந்த இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். கடைசியாக, இந்தியாவிலிருந்து வரும் பெற்றோருக்கு இந்தச் சீட்டைத் தரமாட்டார்கள். அவர்கள் யூரெயில் என்ற மற்றொன்றைத்தான் வாங்க வேண்டும். குறைந்த கட்டண விமானத்தில் சீட்டு மலிவாகத் தெரிந்தாலும், நகரிலிருந்து வெகுதொலைவில் உள்ள விமான நிலையம், அங்கே போகும் பேருந்துச் செலவு, பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்று சேர்த்தால் ஆதாயம் கரைந்துபோகிறது.

இனி, இரண்டையும் சேர்க்கும் வழி. "எப்படியும் விமானம் ஏறத்தான் போகிறோம், வழியில் பாரிசில் மூன்று நாள், வளைகுடாவில் ஒரு நாள் என்று பார்த்துக்கொண்டே போனால் என்ன?" என்று நானும் ஓர் ஆண்டு திட்டமிட்டேன். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிசுக்கு ரயில். மூன்று நாள் தங்கல். பாரிசிலிருந்து வளைகுடா நகர் ஒன்றுக்கு ஒரு நிறுவனத்தின் விமானம். அங்கிருந்து மதுரைக்கு வேறொரு நிறுவனத்தின் விமானம், தனிச் சீட்டில். ஊருக்கான நான்கு பெட்டிகளையும் பாரிசின் நான்காம் மாடி விடுதிக்கு, மின்தூக்கி இல்லாத குறுகிய மரப்படிகளில், ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்றோம். லா ஷாப்பெல் பகுதியின் தமிழ்க் கடைத்தெருவையும் மாணிக்க விநாயகர் ஆலயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டிய ஒரு மாலை மட்டுமே அந்த மூன்று நாளில் நிம்மதியாக இருந்தது. நான்காம் நாள், முதல் விமானமே ஐந்து மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. நாங்கள் போய் இறங்கியபோது மதுரை விமானம் போய்விட்டது. தனிச் சீட்டு என்பதால் இரண்டாம் நிறுவனத்துக்கு எங்களிடம் எந்தக் கடமையும் இல்லை. ஒன்றரை நாள் கழித்துக் கிடைத்த புதிய சீட்டுக்குப் பழைய சீட்டைப் போல இரண்டு மடங்கு கொடுத்தோம்.

அந்த ஒன்றரை நாளில் ஊரில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நாங்கள் வருகிறோம் என்று அப்பா வள்ளத்திலிருந்து நீலக்கால் நண்டுகளை எடுத்துவைத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, அதன் மேல் ஈரச் சாக்கை மூடி வைத்திருக்கிறார். தாமதம் தெரிந்ததும் இன்னொரு முறை ஐஸ் வாங்கிப் போட்டிருக்கிறார். மறுநாளும் வாங்கியிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்த நள்ளிரவில் அம்மா குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, ஒருவேளை கெட்டிருக்குமோ என்று நண்டை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாரிசில் நாங்கள் பார்த்த எதுவும் அந்த ஐஸ் பெட்டிக்கு ஈடாகாது என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

இதிலிருந்து மற்றவர்களுக்குப் பயன்படக்கூடிய சட்டச் செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் விதிமுறைப்படி, ஒன்றியத்தின் விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானமாக இருந்தாலும், 3500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தவிர்க்க முடியாத அசாதாரணக் காரணம் ஏதும் இல்லாதவரை, ஆளுக்கு 600 யூரோ இழப்பீடு பெறலாம். ஊரிலிருந்து திரும்பும்போது இந்த உரிமை ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில் வந்தால் மட்டுமே உண்டு. ஒரே சீட்டில் பதிவு செய்த பயணத்தில் கடைசியாக இறங்கும் இடத்துத் தாமதமே கணக்கு. தனிச் சீட்டுகளில் ஒவ்வொன்றும் தனித்தனி. எங்களுக்கு அந்தப் பணம் ஏழு மாதம் கழித்து, மூன்று கடிதங்களுக்குப் பிறகு கிடைத்தது. ஆனால் தவறிப்போன மதுரை விமானத்துக்கு எவரும் ஈடு செய்யவில்லை. ஒரே சீட்டு என்பது சில நூறு யூரோ கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஊருக்கு மட்டும் போவது என்று முடிவு செய்தவர்களுக்கு எந்த வழி என்ற கேள்வி எழுகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமானம் இறங்கும் இடம் இல்லை. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் தளம். எனவே சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கில் ஒன்றில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

சென்னைக்குப் பிராங்க்பர்ட்டிலிருந்து நேரடி விமானம் இருப்பது பெரிய வசதி. சுமார் பத்து மணி நேரத்தில், நடுவில் எங்கும் இறங்காமல், தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் போய்ச் சேரலாம். ஆனால் ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் சென்னையில் இறங்குகின்றன. இராமேசுவரம் போகும் சேது எக்ஸ்பிரசும் போட் மெயிலும் மாலையில்தான் புறப்படுகின்றன. அந்தப் பகல் முழுவதையும் தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ உறவினர் வீட்டில் கழிக்க வழி இருந்தால், இது எல்லாவற்றிலும் களைப்புக் குறைந்த பயணம். இல்லாவிட்டால் வீண். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால், ஆறு மாதத்துக்கு முன்பே விமானச் சீட்டு எடுத்தவர் ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நாளில் காலை எட்டு மணிக்கு, அதாவது ஜெர்மனியின் கோடை நேரப்படி அதிகாலை நான்கரைக்கு, விழித்திருந்து பதிவு செய்ய வேண்டியிருக்கும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்ற பிறகு மண்டபத்தோடும் இராமநாதபுரத்தோடும் முடிந்த ரயில்கள், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டதும் மறுபடியும் தீவுக்குள் போகின்றன. பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் ஊர்க்காரர்களுக்கு இதனால் சென்னை வழி மறுபடியும் முதல் தேர்வாகிவிட்டது.

மதுரை வழியில் சாலைப் பயணம் குறைவு. விமான நிலையத்திலிருந்து தேவிபட்டினம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. அதற்கப்பால் இராமநாதபுரம் வரையுள்ள 46.7 கிலோமீட்டரையும் நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துள்ளது. மதுரைக்குக் கொழும்பு வழியாக வருவது, ஒரே நிறுவனத்தின் ஒரே சீட்டில் முடிவதால், எனக்குப் பிடித்த வழி. கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மதுரை. மன்னார் வளைகுடாவைக் கடக்கும்போது பகலாக இருந்தால், நம் கரையோரத் தீவுகளின் வெள்ளை மணல் விளிம்பு தெரியும். அதைப் பார்த்த பிறகு என் மகன் தூங்கியதே இல்லை. மும்பை அல்லது டில்லி வழியாக மதுரைக்கு வருபவர்கள், முதலில் இறங்கும் இந்திய நிலையத்திலேயே குடிவரவுச் சோதனையையும் சுங்கத்தையும் முடித்து, பெட்டிகளை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்து, நடுவில் குறைந்தது நான்கு மணி நேரமாவது விட வேண்டும். தொண்டி, திருவாடானைப் பக்கத்தவர்களுக்குத் திருச்சியும், சாயல்குடி, ஏர்வாடிப் பக்கத்தவர்களுக்குச் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு மாறிவரும் உள்நாட்டு விமானமும் பொருந்தும்.

ஆனால் வழியைவிட மாதமே முக்கியம் என்பது என் அனுபவம். சீட்டு விலையை ஒப்பிடும் இணையதளங்கள் எத்தனையோ இருக்கின்றன. எந்த மாதம் ஊரில் என்ன காற்று வீசும் என்று அவை சொல்வதில்லை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்கள் தயங்காமல் ஜனவரி இரண்டாம் வாரம் புறப்பட வேண்டும். கிறிஸ்துமஸ் கூட்டம் வடிந்து கட்டணம் இறங்கியிருக்கும், பொங்கல் கிடைக்கும், வடகிழக்குப் பருவமழை முடிந்து ஊருணிகளில் தண்ணீர் நிற்கும், கொஞ்ச நாள் கூடுதலாக இருந்தால் முண்டு மிளகாய் பழுத்துக் களத்தில் சிவப்பாகக் காய்வதையும் பார்க்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மிளகாயை, ஐரோப்பாவில் பிறந்த பிள்ளைகள் கடையில் பொட்டலமாகப் பார்ப்பதற்கும் களத்தில் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் நிலைமை வேறு. ஜெர்மனியில் பள்ளி வருகை சட்டப்படி கட்டாயம். விடுமுறைக்கு முன்பே பிள்ளைகளை அழைத்துச் சென்றால் அபராதம் உண்டு. ஆகவே எங்கள் மாநிலத்தில் ஜூலை இறுதியில் தொடங்கும் கோடை விடுமுறை, மே இறுதியில் வரும் இரண்டு வார விடுமுறை, கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டு வாரம் ஆகிய மூன்றில்தான் தேர்வு செய்ய முடியும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் கட்டணம் உச்சத்தில் இருக்கும். மழையும் புயலும் குறுக்கிடலாம். பொங்கலுக்குச் சில நாள் முன்பே திரும்ப வேண்டியிருக்கும். மே இறுதி என்றால் நுங்கும் பதநீரும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். எங்களைப் போன்ற நாட்டுப்படகுக் குடும்பங்களில் அதற்கு நேர்மாறாக, மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் காலம் என்பதால் அப்பாவைக் கரையில் பிடிப்பதே அரிது. இரண்டு வாரத்தில் பயணக் களைப்புக்கே நான்கு நாள் போய்விடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்டில் வெயிலும் தூசியும் தண்ணீர்ப் பஞ்சமும் உண்டு, விமானக் கட்டணமும் குறைவல்ல. ஆனாலும் நான் ஆகஸ்டையே தேர்ந்தெடுக்கிறேன். முழுதாக நான்கு வாரம் கிடைப்பது ஒரு காரணம். கச்சான் காற்று மற்றொன்று. ஆடி, ஆவணியில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்துத் தென்கடல் கொந்தளிக்கும்; தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்து வடகடலில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் குளத்தைப் போல அமைதியாக இருக்கும். அந்த மாதத்தில்தான் அப்பா என் பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு, கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்வருகிறார். தென்கடல் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். வாடைக் காற்று வீசும் டிசம்பர், ஜனவரியில்தான் அவர்கள் கடல் அடங்கியிருக்கும். ஆகவே எங்கள் ஊருக்கு நான் சொல்லும் மாதத்தைப் பெரியபட்டினத்துக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு செய்தி: ஆடியில் இந்துக் குடும்பங்களில் கல்யாணம் இருக்காது, ஆகஸ்ட் நடுவில் ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கும். ஆகஸ்டு முதல் வாரத்தில் போய் இறுதியில் திரும்பினால் சில ஆண்டுகளில் ஆடி அமாவாசையும் கிடைக்கும், உறவில் ஒரு கல்யாணமும் கிடைக்கும்.

பெற்றோரை இங்கே அழைத்துவருவது நான்காவது வழி. ஷெங்கன் விசா 180 நாளில் 90 நாள் வரை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். அழைப்பவர் செலவுக்குப் பொறுப்பேற்று அயல்நாட்டவர் அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கும் பத்திரமும் உண்டு. நாங்கள் ஒரு முறை அழைத்துவந்தோம். அம்மாவுக்கு ஹாம் நகரின் காமாட்சி அம்மன் கோவில் தேர் மிகவும் பிடித்தது. அப்பாவோ மூன்றாம் வாரத்திலேயே, நெக்கார் ஆற்றங்கரையில் தூண்டில் போடுபவர்களிடம் அதற்கு உரிமச்சீட்டு வேண்டும் என்று கேள்விப்பட்டு, மீன் பிடிக்கவே காகிதமா என்று வருந்தினார். ஒரு முறை அழைப்பது அவசியம். பிள்ளைகள் எந்த வீட்டில், எந்தப் பள்ளியில் வளர்கிறார்கள் என்று தாத்தா பாட்டி கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் அது நாம் ஊருக்குப் போவதற்கு மாற்றாகாது.

திரும்பிவரும் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை. ஆகவே பால்கோவாவும் நெய்யும் சுங்கத்தில் போய்விடும். சொந்த உபயோகத்துக்கான மீன், கருவாடு உட்பட, ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அன்னாசி, துரியன் தவிர மற்ற பழங்களுக்கும் கறிவேப்பிலைக்கும் தாவரநலச் சான்று வேண்டும். இதை அம்மாவிடம் ஒரு முறை விளக்கிய பிறகு, அவர் பால்கோவா வாங்குவதை விட்டுவிட்டார். நெத்திலியையும் சீலாக் கருவாட்டையும் நன்றாக உலர்த்தி, முதலில் செய்தித்தாளிலும் பிறகு இரண்டு பாலித்தீன் பைகளிலும் சுற்றி, வாசம் வராதபடி எவர்சில்வர் தூக்கில் அடைத்து, மூடியைச் சுற்றி அப்பாவின் பழைய கைலித் துண்டால் கட்டித் தருகிறார்.

இந்த ஆண்டுக்கு மே மாத நான்கு நாள் விடுமுறையில் சூரிக் என்றும், ஆகஸ்டில் நான்கு வாரம் கொழும்பு, மதுரை வழியாக ஊர் என்றும் முடிவு செய்து, நால்வருக்கும் ஒரே சீட்டில் பதிவு செய்துவிட்டோம். தேதியைச் சொன்னபோது அப்பா கேட்டது விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்பதை மட்டும்தான். பகல் பதினொன்றுக்கு என்றதும், அப்படியென்றால் ஐஸ் ஒரு முறை வாங்கினால் போதும் என்றார்.